வராந்தாவில் போட்ட காபி

பம்பு ஸ்டவ்வை நாலு தடவை அழுத்தியிருப்பேன். சுடர் நீலமாகப் பிடித்து 'உஸ்' என்று சத்தம் போட ஆரம்பித்ததுமே பியூன் அப்பாராவ் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"அரே அம்மா, யே க்யா ஹை? இது ஆபீஸ். இங்க சூலா பத்தவைக்கக் கூடாது. சாப் பாத்தா என் நௌக்ரி போயிடும்."

"பார்க்கட்டும் அண்ணா. சாப் எங்களைப் பார்க்கணும்னுதானே நேத்துலேர்ந்து வந்து நிக்கிறோம்" என்றேன்.

போர்ட் பிளேரில், தீவுகளுக்கிடையே படகுகளை அனுப்பி வைக்கும் ஓர் அலுவலகத்தின் வராந்தா அது. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த இதழைப் படிக்கிறவர்களாக இருக்கலாம்.

மர பெஞ்சில் என் வலதுபக்கம் ஜைத்தூன் உட்கார்ந்திருந்தாள். நாகூர்க்காரி, ஏழு மாத கர்ப்பிணி. இடதுபக்கம் சரளா, கராச்சர்மாவிலிருந்து பஸ் பிடித்து வந்த வங்காளிப் பெண். எங்கள் மூவரின் புருஷன்மாரும் ஒரே படகில் போயிருந்தார்கள். படகு கிளம்பியது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை விடியும்போது லிட்டில் அந்தமான் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு வெள்ளி. ஒரு தகவலும் இல்லை.

நாங்கள் சுமங்கலிகளா இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியாத காலை அது. அந்தக் காலையில்தான் துணிப்பையிலிருந்து என் கண்ணாடிக் குடுவையை எடுத்து வெளியே வைத்தேன்.

மோர் கடைய ஒரு குடுவை

அந்தக் குடுவையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கல்யாணமாகி நாலாம் மாதம் நான் கும்பகோணத்திலிருந்து அந்தமானுக்கு வந்தேன். என் கணவர் ராமலிங்கம் ஓவர்சியர். டெலானிபூர் மேட்டில் எங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே துறைமுகம் தெரியும். அம்மா கொடுத்தனுப்பிய பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரம் கப்பலில் டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிவிட்டது. பஜாரில் ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்தேன். மனிதர் வளைவையும் நிமிர்த்தினார், அடித்தட்டின் ஓட்டைகளையும் ஈயத்தால் அடைத்துத் தந்தார். "லீக் இல்லாம பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஒரு வருஷம் போல துணியில் வடிகட்டியே ஓட்டினேன். அது காபி இல்லை. காபி நிறத்தில் ஒரு வெந்நீர்.

பிறகு மேட்டுக்கு மேலே குடியிருந்த டாக்டர் ஒருவருக்கு மெயின்லாண்டுக்கு மாற்றல் வந்தது. வெளிநாட்டில் படித்தவர். மாற்றலாகிப் போகிறவர்கள் சாமான்களை முற்றத்தில் பரப்பி விற்றுவிட்டுப் போவது அங்கே வழக்கம். கட்டில், அரிக்கன் விளக்கு, ஊஞ்சல் சங்கிலி எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் குடுவை நின்றது. வெளியே தகரச் சட்டம், மேலே மூடி, மூடியின் நடுவில் ஒரு கம்பி, கம்பியின் அடியில் வட்டமான வலை.

"இது மோர் கடையறதுக்கா?" என்று கேட்டேன்.

டாக்டரின் மனைவி சிரித்தார். "காபி போடுறதும்மா. பொடியைப் போட்டு வெந்நீர் ஊத்து. கொஞ்சம் பொறு. அப்புறம் இதை அழுத்து. அவ்வளவுதான்."

அதை வாங்கி வந்துவிட்டேன். அவ்வளவுதான் என்று அவர் சொன்னதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் போயிற்று. அதற்கு பிரெஞ்சு பிரஸ் என்று பெயர் என்பது என் மகள் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டில் அது 'அமுக்கி'.

ரவைப் பதம்

முதல் நாள், ஃபில்டருக்கு அரைக்கிற மாதிரி மாவுப்பொடியையே போட்டேன். கம்பி பாதியில் நின்றுவிட்டது. பலம் கொடுத்து அழுத்தினேன். ஓரத்திலிருந்து கொதிநீரும் பொடியுமாகப் பீறிட்டு மணிக்கட்டைப் பொசுக்கியது. சுவரெல்லாம் காபி.

என் கணவர் மஞ்சள் தடவிவிட்டு, குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எதையும் கட்டட வேலையாகத்தான் பார்க்கத் தெரியும்.

"தையலு, கான்கிரீட்ல ஜல்லி எந்த அளவுன்னு பாத்துத்தான் போடணும். நீ சிமெண்டா அரைச்சுப் போட்டிருக்க. தண்ணி எப்படி எறங்கும்?"

என் பெயர் தையல்நாயகி. அவர் வாயில் அது எப்போதும் தையலுதான்.

கை மெஷினின் திருகைத் தளர்த்தி, பொடியை ரவைப் பதத்துக்குக் கொண்டுவந்தார். சிக்கரியை நிறுத்தினோம். அது அடியில் சேறாகப் படிந்து வலையை அடைத்தது. அப்பா ஊரிலிருந்து கப்பலில் காபியைப் பச்சைக் கொட்டையாகவே அனுப்புவார், துணிப்பையில் வாயைத் தைத்து. வறுத்து அரைத்து அனுப்பினால் அந்த உப்புக் காற்றில் பத்தே நாளில் மணம் போய்விடும். மூன்று நாளைக்கு ஒருமுறை இரும்புச் சட்டியில் நானே வறுப்பேன். வறுக்கிற அன்று மேட்டில் இருக்கிற தமிழ் வீடுகளிலிருந்தெல்லாம் யாராவது ஒருவர் ஏதாவது கடன் கேட்கிற சாக்கில் வந்துவிடுவார்கள்.

டாக்டர் வீட்டில் அதை அப்படியே கோப்பையில் ஊற்றிப் பால் இல்லாமல் குடித்திருக்கிறார்கள். எங்களுக்கு அது ஆகாது. எங்களுக்கு வேண்டியது டிகாஷன். அதனால் பொடியை இரண்டு மடங்காக்கினோம், தண்ணீரைப் பாதியாக்கினோம். முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் வெந்நீர். அது உப்பி மூச்சுவிட்டு அடங்கிய பிறகு மீதி. குடுவை ஆறாமலிருக்க மேலே ஒரு துண்டைச் சுற்றுவேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பார். நாலு நிமிஷம் நீர்த்துப் போயிற்று. பத்து நிமிஷம் கசந்தது. ஏழில் நின்றோம். அழுத்தும்போது கையின் கனம் மட்டும் போதும், பலம் கூடாது. அழுத்தியதும் ஊற்றக் கூடாது, வண்டல் இறங்க இன்னொரு நிமிஷம். கடைசி இரண்டு வாய் குடுவையிலேயே கிடக்கட்டும்.

புரோத்ராபூரிலிருந்து வரும் பால்காரரின் பாலை ஒரே ஒரு பொங்கு பொங்கவிட்டு, டவராவில் நுரைய ஆற்றி நீட்டினேன். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். டம்ளரைக் காலிசெய்து மறுபடி நீட்டினார்.

திங்கட்கிழமைப் படகு

லிட்டில் அந்தமானில் அப்போதுதான் ஆட்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டட வேலைக்கு என் கணவரைப் போகச் சொன்னார்கள். அதே படகில் ஜைத்தூனின் கணவர் காதர் பாய், பஜாரில் கடை வைத்திருந்தவர், அங்கே திறக்கப்போகும் கடைக்கு பிஸ்கட்டும் சோப்பும் ஏற்றிக்கொண்டு போனார். சரளாவின் கணவர் சுகுமார்தான் எஞ்சின் டிரைவர். இன்னும் நாலு கூலியாட்கள், எல்லோரும் குடும்பத்தை மெயின்லாண்டில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

போய்ச் சேர்ந்ததும் போலீஸ் வயர்லெஸ்ஸில் சொல்லி அனுப்புவதாக என் கணவர் சொல்லியிருந்தார். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. மழை ஓய்ந்தும் கடல் அடங்காத மாதம். ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே வெள்ளை வெள்ளையாக அலை முறிவது தெரிந்தது.

வியாழக்கிழமை ஜைத்தூன் மேடேறி மூச்சு வாங்க வந்தாள். "அக்கா, அவுஹகிட்டேர்ந்து ஒரு சேதியுமில்ல. ஒங்க வீட்டுக்கு வந்துச்சா?"

இருவருமாக அந்த அலுவலகத்துக்குப் போனோம். அங்கேதான் சரளாவை முதன்முதலாகப் பார்த்தோம். தூணோரம் தனியாக நின்றிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு குமாஸ்தா வந்து சொன்னார்: "காற்று அதிகம். எங்கேயாவது ஒதுங்கியிருப்பார்கள். தேடப் போவதற்கு இங்கே படகு கிடையாது. இருக்கிற ஒன்றும் ரிப்பேரில் கிடக்கிறது. வீட்டுக்குப் போங்கள், தகவல் வந்தால் சொல்லி அனுப்புவோம்."

வெளியே வந்ததும் ஜைத்தூன் படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். சரளாவும் அப்படித்தான். நானும் அப்படித்தான். வீட்டுக்குப் போய்ப் படுத்து அழுதால் மூன்று வீட்டில் மூன்று பேர் தனித்தனியாக அழுவோம். அதற்கு அந்த வராந்தாவே மேல் என்று பட்டது.

"நாளைக்குக் காலையில மூணு பேரும் இங்க வருவோம். நான் ஸ்டவ் எடுத்துட்டு வர்றேன்" என்றேன். எனக்குத் தெரிந்த இந்தியில் சரளாவுக்கும் சொன்னேன். பால்காரரிடம் கற்ற இந்தி அது. அதில் பாலையும் தண்ணீரையும் பற்றித்தான் நன்றாகப் பேச வரும்.

ஏழு நிமிஷம்

ஆக, வெள்ளிக்கிழமை அப்பாராவ் ஓடி வந்து கத்திக்கொண்டிருந்தார். நான் பொடியை நனைத்து, துண்டைச் சுற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

ஃபில்டராக இருந்திருந்தால் டிகாஷன் இறங்க அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். அதற்குள் யாராவது ஸ்டவ்வைத் தூக்கிப் போயிருப்பார்கள். ஏழு நிமிஷம் என்பது அப்பாராவின் கோபம் தணிவதற்குள் முடிந்துவிட்டது. முதல் டம்ளரை ஜைத்தூனுக்குக் கொடுத்தேன். மிகவும் தயங்கிவிட்டு, சர்க்கரை கூடுதலாகக் கேட்டாள். சரளா அதுவரை காபியே குடித்ததில்லை. வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் முழுசாகக் குடித்து முடித்து, "தீதி, தோடா அவுர்" என்று டம்ளரை நீட்டினாள். மூன்று நாளில் அவள் வயிற்றுக்குள் போன முதல் சூடு அது.

நாலாவது டம்ளரை அப்பாராவிடம் நீட்டினேன். இரண்டு பக்கமும் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

அன்று சாப் எங்களைக் கூப்பிடவே இல்லை. காரில் வந்தார், எங்களைத் தாண்டிப் போனார், சாயங்காலம் எங்களைத் தாண்டி வந்தார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் எழுந்து நின்றோம்.

சனிக்கிழமை காலையும் போனோம். அப்பாராவ் இப்போது ஸ்டவ்வைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது தடவை காபி போட்டபோது அவராகவே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாதி டம்ளர் குடித்தவர், திடீரென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, நான் சொன்னேன்னு சொல்லாதே. போட் ரிப்பேர்ல இல்ல. சாத்தம் ஜெட்டில நிக்குது. தில்லிலேர்ந்து மெஹ்மான், பெரிய விருந்தாளிங்க, வந்திருக்காங்க. நாளைக்கு அவங்களைத் தீவு சுத்திக் காட்டணும். அதுக்காகப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கு."

ஜைத்தூன் என் கையைப் பிடித்தாள். பிடித்த இடம் சாயங்காலம் வரை சிவந்திருந்தது.

சாத்தம் துறை

நேராக உள்ளே போனேன். தடுக்க வேண்டிய அப்பாராவ் வராந்தாவில் டம்ளரை மிக மெதுவாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சாப், போட் ஹை" என்றேன்.

அவர் கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "கோன்சா போட்? போட் ரிப்பேர் மே ஹை."

"நஹீ சாப். சாத்தம் மே ஹை. நயா பெயின்ட்."

அவருக்கு முகம் கறுத்தது. அதற்கெல்லாம் மேலிடத்து உத்தரவு இருக்கிறது, படகுத் துறை விஷயம் பெண்களுக்குப் புரியாது, வீட்டுக்குப் போங்கள் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொன்னார். எனக்குப் பதில் சொல்ல இந்தி போதவில்லை. தமிழிலேயே சொன்னேன்.

"நாங்க வீட்டுக்குப் போகல சாப். அந்தப் போட்டுல போய் உக்காரப் போறோம். நாளைக்கு மெஹ்மான் வரட்டும். ஏன் உக்காந்திருக்கீங்கன்னு கேப்பாங்க. சொல்றோம்."

மெஹ்மான் என்ற சொல் அவருக்குப் புரிந்துவிட்டது என்று கண்ணிலேயே தெரிந்தது.

சாத்தம் வரை நடந்தோம். துறையில் அந்தப் படகு பளபளவென்று நின்றது. காவலுக்கு நின்ற மாலுமி கையை விரித்து மறித்தார். ஜைத்தூன் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கையால் வயிற்றையும் இன்னொரு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு பலகையில் நடந்து போய், புதுப் பெயின்ட் அடித்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"தூக்கிப் போடுறதுன்னா போடுங்க" என்றாள் தமிழில்.

ஏழு மாதக்காரியை யார் தொடுவார்கள்? பின்னாலேயே நானும் சரளாவும் ஏறிக்கொண்டோம்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜீப் ஒன்று வந்து நின்றது. சாப் இறங்கவில்லை. அவருடைய குமாஸ்தாதான் இறங்கி வந்து மாலுமியிடம் பேசினார். டீசல் ஏற்ற உத்தரவாகியிருந்தது. தேடப் போகலாம்.

சரளா குறுக்கிட்டாள். நேராக லிட்டில் அந்தமானுக்குப் போகாதீர்கள் என்றாள். காற்று இந்தப் பக்கமிருந்து அடித்தால் தன் புருஷன் எந்தச் சின்னத் தீவின் மறைவில் ஒதுங்குவார் என்று விரலால் பலகையில் கோடு போட்டுக் காட்டினாள். அவரோடு இரண்டு தடவை அந்த வழியில் போயிருக்கிறாளாம். "பானி லேக்கே ஜாவ்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, தண்ணீர் டிரம்கள் ஏறும்வரை பலகையை விட்டு நகரவில்லை.

அவர்கள் டீசல் ஏற்றி முடிக்கும்வரை நான் துறையின் ஓரத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். ஜைத்தூனின் பஜார் கடையிலிருந்து இரண்டு பிளாஸ்க் வந்தது. குடுவை சின்னது. ஏழு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் ஏழு நிமிஷம், ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. மாலுமிகள் அவசரப்படுத்தினார்கள். "ஏக் மினிட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பால் இல்லாமல், சர்க்கரை மட்டும் போட்டு, இரண்டு பிளாஸ்க்கையும் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தேன்.

ஞாயிறு மாலை

சரளா கோடு போட்ட தீவின் மறைவிலேயே படகு இருந்தது.

திங்கட்கிழமை ராத்திரியே எஞ்சின் நின்றுவிட்டதாம். அதைத் திறக்கப் போனபோது சுகுமாரின் வலது கை வெந்துபோயிருந்தது. அலை பவளப்பாறையில் மோதிக்கொண்டிருந்ததால் கரைக்கு நீந்த முடியவில்லை. நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள். காதர் பாயின் பிஸ்கட் டின்கள் இருந்தன. தண்ணீர்தான் இல்லை. இரண்டு டிரம்மில் ஒன்று ஒழுகிவிட்டது. மற்றது சனிக்கிழமை மாலையோடு தீர்ந்துபோயிற்று.

துறையில் இறங்கியபோது என் கணவரின் உதடு வெடித்து, முகம் கறுத்து, அடையாளமே தெரியவில்லை. சுகுமாரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் இரண்டு விரல் போயிற்று. காதர் பாய் ஜைத்தூனைப் பார்த்ததும் அழுதார். அவள் அழவில்லை. "ஏங்க, சாப்புட்டீஹளா?" என்றுதான் கேட்டாள்.

வீட்டுக்கு மேடேறும்போது என் கணவர் சொன்னார்: "முதல்ல தண்ணி குடுத்தாங்க. அப்புறம் மூடியில கறுப்பா என்னமோ ஊத்திக் குடுத்தாங்க. நாக்குல பட்டதுமே தெரிஞ்சுது, சிக்கரி இல்ல. நம்ம வீட்டு டிகாஷன். யாரு குடுத்தாங்கன்னு நான் கேக்கவே இல்ல தையலு."

கொஞ்ச தூரம் நடந்து மறுபடி சொன்னார். "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா..." அந்த வாக்கியத்தை அவர் கடைசிவரை முடித்ததில்லை.

திங்கட்கிழமை மறுபடி

மறுநாள் காலை அவர் கண்விழித்தபோது நான் பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எங்க கிளம்பற?"

"அந்த ஆபீஸுக்கு."

"அதான் வந்துட்டோமே, இன்னும் என்ன?"

"நீங்க வந்துட்டீங்க. இன்னிக்கு வேற யாரோ போயிருப்பாங்கள்ல?"

அவர் எழுந்து உட்கார்ந்து, "பொடி போதுமா பாரு" என்றார்.

வராந்தாவுக்கு ஜைத்தூன் வந்தாள். ஆஸ்பத்திரியில் சுகுமாருக்குத் துணையாக அவருடைய தம்பியை உட்காரவைத்துவிட்டு சரளாவும் வந்தாள். காரிலிருந்து இறங்கிய சாப், முதல்முறையாக எங்கள் முன்னால் நின்றார்.

"அப் க்யா ஹை? உங்க ஆளுங்கதான் வந்தாச்சே!"

கேட்க வேண்டியதை ராத்திரியே யோசித்து வைத்து, காலையில் சரளாவிடம் அதற்கு இந்தி கேட்டுக் கற்றிருந்தேன். அதை அப்படியே சொன்னேன். வாசலில் ஒரு கரும்பலகை வேண்டும். எந்தப் படகு, எங்கே போகிறது, எப்போது கிளம்பியது, எப்போது சேர வேண்டும், சேர்ந்ததா இல்லையா. இதைத் தினம் எழுத வேண்டும். தெருவில் போகிறவர்கள் யாரும் யாரையும் கேட்காமல் படித்துக்கொள்ள வேண்டும்.

"இதுக்கெல்லாம் ஆர்டர் வேணும்" என்றார்.

"வரட்டும் சாப். உக்காந்திருக்கோம்."

செவ்வாயும் உட்கார்ந்தோம். புதனும் உட்கார்ந்தோம். குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து காபி குடித்துவிட்டு, சத்தமில்லாமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை பத்து மணிக்கு அப்பாராவ் ஓர் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தார். பின்னாலேயே இரண்டு பேர் பலகையைத் தூக்கி வந்தார்கள். குமாஸ்தா சாக்பீஸால் முதல் வரி எழுதினார். மாயாபந்தருக்கு ஒரு படகு, அன்று காலை கிளம்பியது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது, பலகைக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். எங்களுக்கு அவளைத் தெரியாது. ராஞ்சியிலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் மாதிரி இருந்தது. படிக்கத் தெரியவில்லை. ஆனாலும் பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். குமாஸ்தா வெளியே வந்தார், கடைசிக் கட்டத்தில் ஏதோ எழுதினார், கையைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "க்யா லிக்கா?"

சரளாதான் பதில் சொன்னாள், பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டு.

"பஹுஞ்ச் கயா."

போய்ச் சேர்ந்துவிட்டது.